நெற்கதிர்க் கிரீடம்

தஞ்சாவூர்
9-6-1996

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி சகாயராஜுக்கு,

அக்கா அமலோற்பவம் எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. கம்பம் ஏறியது போதும் என்று மின்சார வாரியத்தில் ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கம்பெனி வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எத்தனை தடவை எழுதுவது?

நல்ல செய்தி சொல்கிறேன். திருத்துறைப்பூண்டி ரெமிஜியஸ் வாத்தியாரின் மகள் பிரின்ஸியை உனக்குப் பேசி முடித்துவிட்டோம். டீச்சர் டிரெயினிங் படித்த பெண். அமைதி. அவ்வளவு அமைதி எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான், ஆனாலும் முகம் களையாக இருக்கிறது. வாத்தியார் நிலபுலன் உள்ளவர், பேச்சில் ஒளிவு மறைவு இல்லை. "பையன் ஷார்ஜாவுல இருக்கறதாலதான் வேற இடம் பார்க்காம சரின்னேன்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். வரும் ஈஸ்டர் கழிந்து கல்யாணம். புடவை, கிரீடம், தலையில் போடும் நெட் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதுதானே நம் வழக்கம். கிரீடத்தை நானே செய்யப்போகிறேன்.

நம் கிரீடக் கடை ஆரம்பித்த கதையை விவரமாக எழுதும்படி கேட்டிருந்தாய். எதற்கு? இங்கே இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி முறுக்கியபோது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் நீ. கடல் தாண்டிப் போனபிறகு என்ன திடீர் அக்கறை? அங்கே யாராவது கேட்கச் சொன்னார்களா?

சரி, தம்பி கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா. எண்பத்திரண்டில் நம் கோவிலில் ஒரு கல்யாணம். திருச்சியிலிருந்து வாங்கி வந்த கிரீடம் பஸ்ஸில் யாரோ அதன்மேல் மூட்டையை வைத்து அப்பளமாகிவிட்டது. பெண் அழுகிறாள், பூசைக்கு மணி அடித்தாகிவிட்டது. கான்வென்டில் சிஸ்டர்களிடம் மெழுகுப்பூ செய்யக் கற்றவள் அங்கே நான் ஒருத்திதான். பீடத்துப் பூச்சாடியிலிருந்து கம்பியை உருவி, இருந்த முத்துகளைக் கோத்துத் தலையில் வைத்து அனுப்பினேன். கோணல்தான். ஆனால் அடுத்த வாரமே இரண்டு வீட்டில் தேடி வந்தார்கள். அந்தக் கோணலையும் சேர்த்துக் கேட்டார்கள், அதுதான் புது மாடல் என்று நினைத்து.

மற்றது உன் பதில் பார்த்து.

உனக்காக ஜெபிக்கும்,
அக்கா

*

ஷார்ஜா
7-7-1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி சகாயராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தானை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

பிரின்ஸி விஷயம் சந்தோஷம். நீங்கள் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். வாத்தியார் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கடைக் கதை கேட்டது சும்மாதான். இங்கே வெள்ளிக்கிழமை லீவில் பொழுது போவதில்லை. நான் கடையில் இருந்தபோது எல்லாவற்றையும் பாதிக் காதில்தான் கேட்டேன், அது இப்போது வருத்தமாக இருக்கிறது. புதுப்புது மாடலை எப்படி யோசிக்கிறீர்கள்? நெட்டுக்கு அந்த மங்கல் நிறம் எப்படி வருகிறது? அது நான் இங்கே வந்தபிறகு செய்தது என்று நம் கடை ஹமீதாக்கா ஒரு தடவை எழுதியிருந்தார்கள். விவரமாக எழுதுங்கள்.

ஹமீதாக்காவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சகாயம்

*

தஞ்சாவூர்
4-8-1996

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. போட்டோ கிடைக்கவில்லை. போட்டோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கம்பெனி இருக்கிறதா இல்லையா? விசா இல்லாதவர்களையெல்லாம் அங்கிருந்து ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். உன் அத்தான் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். உனக்கு விசா சரியாக இருக்கிறதல்லவா? இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டும்.

புது மாடல் எப்படித் தோன்றுகிறது என்று கேட்டாய். தோன்றுவதெல்லாம் இல்லை. செய்ததையே செய்து சலிப்பு வரும், அப்போது கை தானாக வேறு பக்கம் போகும், அவ்வளவுதான். தோன்றிய பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. கிரீடம் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் வாங்க வருவதில்லை. ஒருத்தி போன மாதம் வந்தாள், மகளுக்கு என்றாள். மகள் வயது கேட்டால் திணறினாள். கைப்பையில் தையல் டேப் வைத்திருந்தாள். இன்னொருவன் வீடியோக்காரன், மேடையில் பெண்ணை எடுப்பதைவிடக் கிரீடத்தைத்தான் கிட்டப் போய் எடுப்பான். இப்படி இருந்தால் யாரைத்தான் நம்புவது? என்னைச் சந்தேகப்பிராணி என்று உன் அத்தான் சொல்கிறார். சந்தேகம் இல்லாவிட்டால் இந்தக் கடை என்றைக்கோ மூடியிருக்கும்.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பெரிதாகப் பேசினார்களே, அது எங்கள் தெருவில் பிளாஸ்டிக் லில்லிப் பூவாக வந்து இறங்கியது. பெட்டி பெட்டியாக. மெழுகுப்பூவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழவில்லை, அந்தப் பூவையே வாங்கி இதழைக் கத்தரித்து வேறு பூவாக்கினேன். பிறகு வீடியோ வந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளை நெட் கண்ணைக் கூசவைத்து, பெண்ணின் முகமே தெரியாமல் போனது. நெட்டைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி நிழலில் உலர்த்தினேன். நீ கேட்ட மங்கல் நிறம் அதுதான். டிகாக்‌ஷன் திக்காக இருந்தால் பழுப்பாகிவிடும், ஒருதரம் கொதித்த தூளையே திரும்பக் கொதிக்க வைக்க வேண்டும். இதை நீ யாரிடமும் சொல்லாதே. ஹமீதாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

ஹமீதா பானு இல்லாவிட்டால் நான் இல்லை. தங்கை நிக்காஹ்வுக்கு முகத்திரை தைக்கக் கொடுக்க வந்தவள், நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, தானே ஊசியை எடுத்தாள். பன்னிரண்டு வருடமாயிற்று. அவள் வீட்டுக்காரர் மலேசியாவில், இவள் கீழவாசலில் தனியாக. முத்து வேலை, ஜரிகை வேலை இரண்டும் அவள் கைதான். சண்டை போடுவோம், மறுநாள் அவள் கொண்டுவரும் வட்டிலாப்பத்தில் சரியாகிவிடும்.

விசா பற்றி எழுத மறக்காதே.

அன்புடன்,
அக்கா

*

20-10-1996

அன்புள்ள அக்காவுக்கு,

சகாயராஜ் எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நான் நலமே. அங்கே மழை ஆரம்பித்திருக்கும்.

எங்கள் கேம்பை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். புது இடத்துக்குத் தபால் சரியாக வராது. அதனால் இனிமேல் எனக்கு எழுதுவதை மெட்ராஸ் மண்ணடியில் உள்ள நண்பர் முகவரிக்கு அனுப்புங்கள், கீழே எழுதியிருக்கிறேன். அவரிடம் வாரம் தவறாமல் இங்கே வருகிற ஆட்கள் உண்டு. தபாலைவிடச் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். என் கடிதமும் அப்படித்தான் அங்கே வந்து தபாலில் சேரும்.

தேயிலை விஷயம் பிரமாதம்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சகாயம்

*

தஞ்சாவூர்
10-11-1996

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

ஷார்ஜாவிலிருந்து வரும் கடிதத்தில் நம் ஊர் ஸ்டாம்பு. உன் அத்தான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரணம் எழுதியிருக்கிறாய், சரி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மருந்துக்கடைக்கு போன் பண்ணுவாயே, அது ஏன் நின்றது? விசா பற்றிக் கேட்டேனே, அது ஏன் கண்ணில் படவில்லை? உன் கையெழுத்து ஏன் இவ்வளவு சிறியதாகிவிட்டது? கேட்டால் அக்காவுக்கு வேறு வேலை இல்லை என்பாய்.

பிரின்ஸியின் கிரீடத்துக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தபோது வயல் பூத்து, பால் பிடிக்கிற பருவம். பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கோவில் பீடத்தில், திரையில், எங்கே பார்த்தாலும் கோதுமைக் கதிர் போடுகிறோம். கோதுமையை யார் இங்கே பார்த்தது? நெற்கதிர் போட்டால் என்ன? கோதுமை நிமிர்ந்து நிற்கும், நெல் தலை சாயும். இரண்டு பக்கமும் கதிர்கள் எழும்பி நெற்றிப் பக்கம் சாய்கிற மாதிரி, மணிக்கு மணி அரிசி முத்து. இந்த நாட்டில் எந்தப் பெண்ணும் இதுவரை தலையில் வைக்காத கிரீடம். வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஹமீதாவிடம் காட்டினேன், அவள்தான் முத்துக் கோக்க வேண்டும். மூன்றாவது ஆள் நீ. உன் அத்தானுக்குக்கூடக் காட்டவில்லை.

மண்ணடி நண்பரை எனக்குத் தெரியாது. அதனால் கவர் பசைமேல் பூ செய்யும் மெழுகை உருக்கி ஊற்றியிருக்கிறேன். உன் கைக்கு வரும்போது மெழுகு முழுதாக இருக்க வேண்டும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அக்கா

*

2-12-1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

படத்தை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. இதுவரை நீங்கள் செய்ததில் இதுதான் உச்சம். ஒரு சந்தேகம் மட்டும். முத்தின் பாரத்தில் கதிர் தொங்கிவிடாதா? சாய்ந்தும் இருக்க வேண்டும், தொங்கவும் கூடாது. உள்ளே என்ன கம்பி வைப்பீர்கள்? ஒற்றையா, இரட்டையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

போன் பூத்தில் கூட்டம் அதிகம், அதனால் போன் பண்ண முடிவதில்லை.

சகாயம்

*

தஞ்சாவூர்
20-1-1997

சேசு மரி சூசை

தம்பி சகாயத்துக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் நீ நலமாக இரு.

போன புதன்கிழமை நம் கோவிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மெட்ராஸில் வேலை, கிரீடமும் நெட்டும் அங்கிருந்தே கொண்டு வந்துவிட்டார்கள். கிரீடத்தில் முத்து உதிர்கிறது என்று பெண் வீட்டார் ஹமீதாவைக் கூப்பிட்டார்கள். போய்ச் சரிபண்ணிவிட்டு நேரே கடைக்கு வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, நம்ம கிரீடம் மாதிரியே இருக்கு. நெல்லுக் கதிரு" என்றாள். நான் ஓடினேன். பெண் பீடத்துக்கு முன்னால் நிற்கிறாள். தூண் பக்கத்திலிருந்து பார்த்தேன். கதிர் நெற்றிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மணிக்கு மணி அரிசி முத்து. நெட் மங்கல் நிறம்.

பிரின்ஸியின் கிரீடம் என் பீரோவில் பாதி முடிந்து கிடக்கிறது. அதற்குள் ஊரான் வீட்டுப் பெண் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணம் முடித்துவிட்டாள்.

நன்றாக யோசி. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். மிச்சம் யார்? ஹமீதாவின் அண்ணன் மகன் மெட்ராஸ் பர்மா பஜாரில் கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்கு முன்னால் வந்து போனான், அவனோடு வாசலில் நின்று மெல்லப் பேசினாள். நான் வந்ததும் பேச்சை நிறுத்தினாள். அப்போது பெரிதாகத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. தேயிலை ரகசியமும் அவளுக்குத்தான் தெரியும். அதோடு, எல்லோருக்கும் முதலில் ஓடிவந்து என்னிடம் சொன்னவளும் அவள்தான். யாரும் அவளைச் சந்தேகப்படக் கூடாது என்றுதானே?

பன்னிரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அதனால் அவளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உன்னிடம் முதலில் கேட்கிறேன். இரண்டு விஷயம் எழுது. ஒன்று, மெழுகு உடையாமல் வந்ததா? உடைந்திருந்தால் பழி உன் மண்ணடி நண்பர் மேல், ஹமீதா மேல் இல்லை. இன்னொன்று, நீ அவளோடு இரண்டு வருடம் வேலை செய்தவன். அவள் இப்படிச் செய்வாளா, மாட்டாளா? நீ மாட்டாள் என்று எழுதினால் நான் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன். உன் கடிதம் வரும்வரை பொறுத்திருப்பேன்.

அக்கா

*

18-2-1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் அதற்குப்பின் அனுப்பிய இரண்டு கார்டுகளும் கிடைத்தன. வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் ரொம்பப் பட்டினி கிடக்க வேண்டாம்.

மெழுகு உடையாமல்தான் வந்தது. நண்பரைத் தப்பாக நினைக்க வேண்டாம், அவர் நல்லவர்.

ஹமீதாக்கா பற்றி நான் இங்கிருந்து என்ன சொல்வது? இந்தக் காலத்தில் யாரையும் இன்னார் இப்படித்தான் என்று சொல்ல முடியவில்லை. எதையும் யோசித்துச் செய்யுங்கள். ஒரு மாடல் போனால் போகிறது அக்கா, உங்களுக்கு வேறு ஆயிரம் வரும். பிரின்ஸிக்கு சாதாரணக் கிரீடமே போதும்.

சகாயம்

*

தஞ்சாவூர்
3-3-1997

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஹமீதாவிடம் கேட்டுவிட்டேன். நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்கு முன்பே பீரோவுக்குப் பூட்டு போட்டிருந்தேன், சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். அவள் வந்து முத்து டப்பா எடுக்கப் பீரோவைத் தொட்டாள். பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அண்ணன் மகன், தேயிலை, படம், எல்லாம்.

அவள் கத்தவில்லை, சத்தியம் பண்ணவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. குற்றம் இல்லாதவள் என்றால் சண்டைக்கு வரமாட்டாளா? அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வேற யாரையாச்சும் கேட்டீங்களாக்கா?"

"தம்பியைக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"யோசிச்சுச் செய்யச் சொன்னான்."

சிரித்தாள். சின்னதாக ஒரு சிரிப்பு. ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த அங்குஸ்தானைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அது பன்னிரண்டு வருடமாக அவள் விரலில் இருந்தது, நான் வாங்கிக் கொடுத்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கீழவாசல் வீட்டைக் காலி பண்ணிக் கூத்தாநல்லூருக்குத் தாய்வீட்டுக்கே போய்விட்டதாக இறைச்சிக்கடைப் பையன் சொல்கிறான்.

குற்றவாளி போய்விட்டாள், நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது. அதனால் கையில் ஒரு சாட்சி வேண்டும். உன் அத்தான் ஆபீஸ் வேலையாக அடுத்த வாரம் மெட்ராஸ் போகிறார். பாரிஸ் கார்னர் பக்கம் கல்யாணச் சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி, அந்த நெற்கதிர்க் கிரீடம் ஒன்றை வாங்கி வரும்படி சொல்லியிருக்கிறேன். முத்தைக் கோத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அவள் சொல்லிக்கொடுத்ததா என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் அப்படியே மண்ணடிக்கும் போய் உன் நண்பரைப் பார்த்து, உனக்கு இஞ்சி மரப்பா கொடுத்துவிட்டு வருவார்.

உன் கல்யாண அறிவிப்பு ஓலையை இருபத்துமூன்றாம் தேதி குருத்து ஞாயிறு பூசையில் முதல் தடவை வாசிப்பதாக சாமியார் சொல்லியிருக்கிறார். மூன்று ஓலை முடிந்து கல்யாணம். நீ எப்போது புறப்படுகிறாய்?

அக்கா

*

8-3-1997

அக்கா,

அத்தானை அலைய விட வேண்டாம். முழங்கால் வலியோடு அந்த நெரிசலில் எதற்கு? நண்பர் இப்போது மண்ணடியில் இல்லை, வெளியூர் போயிருக்கிறார். கிரீடத்தை வாங்கிப் பார்த்து என்ன ஆகப்போகிறது? முடிந்தது முடிந்துவிட்டது. தயவுசெய்து அவரைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சகாயம்

*

தஞ்சாவூர்
19-3-1997
சூசையப்பர் திருநாள்

தம்பி சகாயராஜுக்கு,

உன் கார்டு வருவதற்கு முன்பே அத்தான் புறப்பட்டுவிட்டார். மண்ணடி முகவரிக்கும் போனார். அது ஒரு மேன்ஷன், உன் நண்பர் என்று யாரும் இல்லை. அந்த ரூமுக்குப் பூட்டு போட்டிருந்தது. வாசல் கொடியில் ஒரு நெட் உலர்ந்துகொண்டிருந்ததாம். மங்கல் நிறம். உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் நான்கு நாள் சொல்லவே இல்லை. அந்த மனுஷனுக்கும் என்னிடம் மறைக்கத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. கிரீடத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் முத்தைத்தான் பார்க்கப் போனேன். என் விரல் முதலில் கம்பிமேல் பட்டது. இந்த உலகத்தில் எல்லோரும் வலதுகையால் கம்பியை முறுக்குவார்கள், புரி ஒரு பக்கம் சாயும். நீ இடதுகைக்காரன். உன் புரி எதிர்ப்பக்கம் சாயும். இரண்டு வருடம் நீ முறுக்கிய கம்பியோடு என் கம்பி பிணைய மாட்டேன் என்று அடம் பிடிக்கும், நான் உன்னைத் திட்டாத நாள் கிடையாது. கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பியை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தேன். பிறகு அழுதேன். ஏன் அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ உயிரோடு, இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய் என்று முதலில் தோன்றியது, அதுதான் உண்மை. ஷார்ஜாவிலிருந்து எப்போது அனுப்பினார்கள்? அந்த ரூமில் எத்தனை பேரோடு படுக்கிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? வாத்தியார் அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்துதானே இவ்வளவும்?

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். நீ என் மாடலை விற்றதைக்கூட. கதிர் நன்றாகச் சாய்ந்திருந்தது, இரட்டைக் கம்பி வைத்திருக்கிறாய், நான் எழுதாமலே கண்டுபிடித்திருக்கிறாய். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு என்று நான் வரைந்ததை வைத்துப் பிழைக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று அவளிடம் நீயே சொல்லிக்கொள். ஓலையை நிறுத்தி வைக்கும்படி சாமியாரிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. திருத்துறைப்பூண்டிக்கு நீயே போய், வாத்தியார் முன்னால் நின்று, ஷார்ஜா இல்லை என்று சொல். அதன் பிறகும் அவர் பெண் கொடுத்தால் ஓலை வாசிக்கட்டும்.

ஆனால் ஜனவரியில் நான் உன்னை ஒரு வரி கேட்டேன். மாட்டாள் என்று ஒரு சொல். அதை எழுத உனக்கு ஒரு மாதம் போதவில்லை. மெழுகு உடையவில்லை என்று மட்டும் உண்மையாக எழுதினாய். உன் பொய்களைவிட அந்த உண்மைதான் அவளை என் கடையிலிருந்து இறக்கியது.

நேற்று கூத்தாநல்லூர் போனேன். போகும்போது பஸ்ஸில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் வீட்டு வாசல் திறந்திருந்தது. கூடத்தில் நான்கு பெண்கள் உட்கார்ந்து முகத்திரைக்கு ஜரிகை தைக்கிறார்கள், நடுவில் அவள். வாங்கக்கா என்றாள், பாய் விரித்தாள், தேநீர் கொடுத்தாள். கிரீடத்தைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கம்பியைக் காட்டினேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"தெரியும்கா. அன்னைக்கு அந்தப் பொண்ணு தலையில கை வச்சதுமே தெரிஞ்சுடுச்சு. தம்பி வந்துட்டாருன்னு சொல்லத்தான் ஓடியாந்தேன்" என்றாள்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நெல்லுக் கதிருன்னு சொன்னேன். நீங்க கிரீடம் எங்கேன்னு கேக்கலை, என்னைப் பார்த்தீங்க. அந்தப் பார்வைய பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. சரி, நீங்களா தெரிஞ்சுக்கிட்டு வருவீங்கன்னு இருந்தேன். பூட்டு போட்டுட்டீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடு என்றேன். அந்த அங்குஸ்தானைக் கொண்டு போயிருந்தேன். அவள் கோபமாகப் பேசவில்லை. இங்கே வேலை எடுத்துவிட்டதாகவும், பெருநாள் கழிந்து வரிசையாக நிக்காஹ் இருப்பதாகவும், இந்தப் பெண்களை விட்டுவிட்டு வர முடியாது என்றும் சொன்னாள். அங்குஸ்தானை என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தாள். ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியாக அத்தான் முழங்காலைப் பற்றி விசாரித்தாள்.

சகாயம், ஒன்று சொல்கிறேன். பஸ் மன்னார்குடி வந்து சேருவதற்குள் உன்னை நான் மன்னித்துவிட்டேன். நான் மெனக்கெடவே இல்லை, அது தானாக நடந்துவிட்டது, நீ என் தம்பி. தப்பே செய்யாத அவளைப் பன்னிரண்டு வருடம் பக்கத்தில் வைத்திருந்தும் என்னால் ஒரு நாள் நம்ப முடியவில்லை. இந்த வயதில் என்னைப் பற்றி இதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா? கடையைப் பற்றி எழுது எழுது என்று கேட்டாயே, இதையும் சேர்த்துக்கொள்.

ரூமைக் காலி பண்ணிவிட்டுப் புறப்படு. உனக்கு இங்கே இடம் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் நேரே தஞ்சாவூர் வராதே. ரயிலில் திருவாரூரில் இறங்கி, கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறு. அவள் வாசலில் போய் நின்று, எழுதாமல் விட்ட அந்த ஒரு சொல்லை அவள் காதில் சொல். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வா.

அமலோற்பவம்